ஹைப்ரிட் கார் பேட்டரிச் சோதனை: செய்முறைத் தேர்வுக்குத் தயாராவோருக்குச் சில குறிப்புகள்

ஹைப்ரிட் வாகனப் பழுதறிதல் பாடத்தின் செய்முறைத் தேர்வில், உயர் மின்னழுத்த பேட்டரியின் செயல்திறனைச் சோதித்து அதன் நிலையைத் தேர்வாளரிடம் விளக்க வேண்டும் என்பதே எனக்கு வந்த பணி. அதற்காகப் படித்தபோது எனக்கு மிகத் தெளிவாகப் புரிந்தது ஒன்று உண்டு: ஓய்வில் இருக்கும் பேட்டரியின் மின்னழுத்தத்தை எவ்வளவு துல்லியமாக அளந்தாலும், அது பாதி விடைதான்.

இரண்டாம் தலைமுறை டொயோட்டா பிரியஸை எடுத்துக்கொள்வோம். அதில் 1.2 வோல்ட் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்கள் ஆறு சேர்ந்து 7.2 வோல்ட் மாட்யூல் ஒன்றாகின்றன. அத்தகைய 28 மாட்யூல்கள் தொடரிணைப்பில் சேர்ந்து 201.6 வோல்ட் தருகின்றன. பேட்டரியின் கட்டுப்பாட்டு அலகு இவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்து 14 தொகுதிகளாகக் கண்காணிக்கிறது. இவ்வகைச் செல்லின் மின்னழுத்தம், மின்னேற்ற நிலையின் (அதாவது, பேட்டரியில் எவ்வளவு மின்னேற்றம் இருக்கிறது என்ற அளவின்) நடுப்பகுதி முழுவதும் பெரிதாக மாறுவதில்லை. கார் இயங்கும்போது பேட்டரி பெரும்பாலும் அந்த நடுப்பகுதியில்தான் வைக்கப்படுகிறது. ஆகவே, நலிந்த தொகுதியும் நல்ல தொகுதியும் ஓய்வில் ஒரே எண்ணைக் காட்டக்கூடும்.

வேறுபாடு வெளிப்படுவது மின்னோட்டம் பாயும்போதுதான். காரின் கட்டுப்பாட்டு அலகுகள் தரும் தரவைப் படித்துக் காட்டும் ஸ்கேன் கருவியை இணைத்து, வேகமெடுக்கும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் மின்னோட்டத்தையும் தொகுதி மின்னழுத்தங்களையும் ஒரே நேரத்தில் பதிவு செய்யுங்கள். எடுத்துக்காட்டாக, 50 ஆம்பியர் வெளியேறும்போது ஒரு தொகுதி 15.5 வோல்ட்டிலிருந்து 14.5 வோல்ட்டுக்கு இறங்கினால் அதன் அகமின்தடை, அதாவது மின்னோட்டத்துக்கு அது தனக்குள்ளேயே காட்டும் தடை, 20 மில்லி ஓம் (1 வோல்ட் ÷ 50 ஆம்பியர்), இன்னொன்று 13.5 வோல்ட்டுக்கு இறங்கினால் 40 மில்லி ஓம். அகமின்தடை மிகுந்த தொகுதி மின்னிறக்கத்தில் மற்றவற்றைவிடத் தாழ்ந்தும், மின்னேற்றத்தில் மற்றவற்றைவிட உயர்ந்தும் நிற்கும். கொள்ளளவு (சேமித்து வைக்கக்கூடிய மின்னேற்றத்தின் அளவு) குறைந்த தொகுதியின் நடத்தை வேறு: தொடக்கத்தில் மற்றவற்றோடு ஒட்டியே சென்று, மின்னிறக்கம் நீடிக்கும்போது திடீரெனச் சரியும். இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரிந்தவரே பேட்டரியைப் புரிந்துகொண்டவர் என்பது என் கருத்து. தேர்வாளரின் துணைக்கேள்விகளும் பெரும்பாலும் இங்கேதான் எழுந்தன.

திரையில் தெரியும் மின்னேற்ற விழுக்காட்டை அளவீடாகக் கருதிவிடக் கூடாது. அது கட்டுப்பாட்டு அலகு கணித்துச் சொல்லும் மதிப்பு மட்டுமே. ஆனால் அந்த எண் வழக்கத்தைவிட விரைவாக ஏறி இறங்கினால், கொள்ளளவு குறைந்திருக்கலாம் என்பதற்கு அதை ஒரு தடயமாகக் கொள்ளலாம்.

பேட்டரியைத் திறக்க வேண்டிய கட்டம் வந்தால், மீட்டரைத் தொடும் முன்பே உங்கள் கைகள் கவனிக்கப்படும். வாகனத்தை அணைத்து, 12 வோல்ட் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றி, 1000 வோல்ட் தாங்கும் காப்புக் கையுறையில் துளை இல்லை என்று காற்றடைத்துப் பார்த்து அணிந்த பிறகே, உயர் மின்னழுத்தச் சுற்றைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கை எடுக்க வேண்டும். பேட்டரியின் நேர்மின்னோட்டத்தை மோட்டாருக்கான மாறுமின்னோட்டமாக்கும் இன்வெர்ட்டரின் மின்தேக்கிகள் மின்னிறக்கம் அடையக் கையேடு குறிப்பிடும் நேரம் காத்திருந்து, மின்னழுத்தம் இல்லை என்பதை அளந்தும் உறுதிசெய்யுங்கள். பிளக்கை எடுத்துவிட்டாலும் மாட்யூல்களில் மின்னழுத்தம் அப்படியே இருக்கிறது என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். உயிர் சம்பந்தப்பட்ட செய்தி என்பதால் இதை நான் அழுத்திச் சொல்கிறேன்.

விடை எழுதும்போது ஒவ்வொரு மின்னழுத்தத்தின் அருகிலும் அப்போதைய மின்னோட்டம், வெப்பநிலை, மின்னேற்ற நிலை ஆகியவற்றைக் குறிப்பிடுங்கள். இவை மாறினால் அகமின்தடையும் மாறும் என்பதால், தனித்து நிற்கும் எண்ணை எதனோடும் ஒப்பிட முடியாது. பேட்டரியை மாற்ற வேண்டும் என்று முடிவு சொல்லும் முன், குளிர்விக்கும் விசிறியின் காற்றுவழியில் தூசு அடைத்திருக்கிறதா, மாட்யூல்களை இணைக்கும் செப்புத் தகடுகள் அரித்திருக்கின்றனவா என்று பார்த்துப் பதிவு செய்யுங்கள். அரித்த இணைப்பின் மின்தடை தொகுதியின் அளவீட்டோடு சேர்ந்துவிட்டால், நல்ல மாட்யூலும் நலிந்ததாகத் தோன்றும்.