கொப்பிக்கடையின் கடைசி இறாக்கை

மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கத்துச் சின்னப் புத்தகக்கடைகள் பலவற்றுக்கு வாடகை கட்டுவது கொப்பியும் பேனையும் கடந்தகால வினாத்தாளும்தான். கதை, கவிதை, ஊர் வரலாறு எல்லாம் உள்ளுக்குள், கடைசி இறாக்கையில் இருக்கும். பிள்ளைகளோடு போவதென்றால் புதுத் தவணை தொடங்கும் வாரத்தைத் தவிருங்கள். அந்த நேரம் முதலாளிக்கு நிமிர்ந்து பார்க்கவும் முடியாது.

கையில் காசு அளவாக இருந்தால் எங்கள் ஆட்களின் புத்தகத்தை முதலில் எடுங்கள். பதிப்பு விபரம் உள்ள பக்கத்தில் ஐஎஸ்பிஎன் எண்ணை, அதாவது அந்தப் பதிப்புக்கென்றே கொடுக்கும் அடையாள எண்ணைப் பாருங்கள்: 978-955 அல்லது 978-624 என்று தொடங்கினால் இலங்கைப் பதிப்பு, 978-81 அல்லது 978-93 என்றால் இந்தியப் பதிப்பு. இங்கே பெரும்பாலும் 300, 500 பிரதிதான் அடிப்பார்கள். முடிந்தால் முடிந்ததுதான், மறுபதிப்பு அபூர்வம். சென்னைப் புத்தகம் அடுத்த பார்சலிலும் வரும். அச்சில் இல்லாத பழைய ஈழத்து நூலுக்குப் பெரிய விலை சொன்னால், 2005 முதல் இயங்கும் ‘நூலகம்’ என்ற மின்னூலக இணையத்தளத்தில் அது இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

உள்ளூர்ப் புத்தகத்துக்கு விலைக்கழிவு கேட்பது எனக்குப் பிடிக்காது. எழுதியவரே பத்துப் பிரதியைக் கடையில் வைத்துவிட்டு, விற்ற பிறகு காசு வாங்கும் ஏற்பாடுதான் அதிகம். 800 ரூபாய்ப் புத்தகத்தில் கடைக்கு 30 வீதம் என்று வைத்தால் 240 ரூபாய். நீங்கள் பத்து வீதம் குறைக்கச் சொன்னால் 80 ரூபாய், அதாவது கடைக்காரரின் பங்கில் மூன்றிலொன்று போய்விடும். இந்தியப் புத்தகத்தில் கணக்கு வேறு. அட்டையிலுள்ள இந்திய விலையைக் கடை எத்தனையால் பெருக்குகிறது என்று தாராளமாகக் கேட்கலாம். 2022 இல் நம் ரூபாய் விழுவதற்கு முன் இறக்கி, பழைய விலை ஒட்டியபடியே கிடக்கும் பிரதி கண்ணில் பட்டால் விடாதீர்கள்.

கடையில் இல்லாததை எடுப்பிக்க, நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பகம், ஐஎஸ்பிஎன் நான்கையும் எழுதிக் கொடுங்கள். வாய்ச்சொல்லை நம்பினால் அதே பெயரில் சுருக்கப் பதிப்பு வந்து நிற்கும். பாதிக் காசை முற்பணமாகக் கொடுப்பதுதான் நியாயம், ஏனென்றால் நீங்கள் வராவிட்டால் அந்தப் பிரதியைக் கடைக்காரர் திருப்பி அனுப்ப முடியாது.

காசு கொடுக்குமுன் பக்க எண்களை ஓட்டிப் பாருங்கள். தாளை 8 அல்லது 16 பக்க மடிப்பாகச் சேர்த்துக் கட்டுவதால், பிழை வந்தால் ஒரு மடிப்பே முழுதாக விடுபட்டிருக்கும், அல்லது இரண்டு தரம் வந்திருக்கும். நடுப்பக்கத்தை மெதுவாக விரியுங்கள். முதுகில் பசை வெடிக்கும் சத்தம் கேட்டால் வேறு பிரதி கேளுங்கள்.

வாங்குவதைவிட மாரியில் காப்பாற்றுவதுதான் பெரும்பாடு. வாவிக்கரை ஊர்களில் ஒக்டோபருக்குப் பிறகு சுவரே ஈரம் கக்கும். அலுமாரியைச் சுவரிலிருந்து இரண்டு அங்குலமாவது தள்ளி வையுங்கள், கீழ்த்தட்டு நிலத்திலிருந்து அரையடி உயரட்டும். புத்தகங்களை இறுக்கி அடுக்காதீர்கள். பொலித்தீனில் கட்டி வைப்பது நல்ல எண்ணந்தான், ஆனால் உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் பூஞ்சணம் பிடிக்கும். பூச்சி உருண்டை பூச்சியைத்தான் துரத்தும், பூஞ்சணத்தை ஒன்றும் செய்யாது. பூஞ்சணம் கண்டால் முகக்கவசம் போட்டு, முற்றத்தில் வைத்துக் காய்ந்த தூரிகையால் தட்டுங்கள். ஈரத்துணி அதைத் தாளுக்குள் தேய்த்துவிடும்.

நனைந்த புத்தகத்தை வெயிலில் போட்டால் தாள் நெளியும், முதுகு வெடிக்கும். இருபது பக்கத்துக்கு ஒரு வெள்ளைத்தாள் செருகி, மின்விசிறிக்குக் கீழே நிறுத்துங்கள். தாள் ஊற ஊற மாற்ற வேண்டும். பிள்ளைகளின் வழுவழுப்பான படப்புத்தகம் என்றால் தாமதிக்கவே கூடாது, காயும்போதே பக்கங்கள் ஒட்டிக்கொள்ளும். உடனே செய்ய நேரமில்லையா, பையில் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியின் உறைபெட்டிக்குள் வைத்துவிட்டுப் பிறகு பார்க்கலாம். மற்றவற்றை வரண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஒருமுறை இறக்கி, நிழலில் விரித்துக் காற்றாட விட்டு, தட்டின் மூலைகளில் கறையான் மண் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.