பூக்கடை எங்கே வரும்?

வாரத்தில் 3 நாள் கல்லூரியில் நகர வடிவமைப்பு பாடம் எடுக்கிறேன், மீதி நாட்களில் ஒரு சின்ன அலுவலகத்தில் தெருக்களுக்கு வரைபடம் போடுகிறேன். ஏதாவது ஒன்றில் நில்லேன் என்று வீட்டில் இன்னமும் சொல்கிறார்கள். எனக்கு இரண்டும் ஒரே வேலைதான். கட்டடக் கலைஞர் பி.வி.தோஷி சொந்த அலுவலகத்தை நடத்திக்கொண்டேதான் 1962இல் அகமதாபாத்தில் கட்டடக்கலைப் பள்ளியைத் தொடங்கினார், அதுதான் வளர்ந்து இன்றைக்கு செப்ட் பல்கலைக்கழகமாக நிற்கிறது. நான் அவ்வளவு பெரிய ஆள் இல்லை, ஆனால் அவர் ஏன் ஒன்றை விடவில்லை என்பது போன வருடம் மயிலாப்பூரில் எனக்கு நன்றாகவே புரிந்தது.

காலை ஆறரை மணிக்கு மாணவர்களை ஆளுக்கொரு டேப்போடு தெருவில் இறக்கிவிட்டேன். நடைபாதையில் தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர் வேண்டும் என்கிறது சாலைகளுக்குத் தரம் வகுக்கிற அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் வழிகாட்டி, சக்கர நாற்காலிகள் இரண்டு எதிரெதிரே வந்தாலும் இடிக்காமல் போக வேண்டும் இல்லையா, அதற்காக. வகுப்பில் சொன்னால் நோட்டில் எழுதிக்கொள்வார்கள், அவ்வளவுதான். தெருவில் ட்ரான்ஸ்ஃபார்மர் வேலிக்கும் சுவருக்கும் நடுவே டேப்பை இழுத்த ஒரு மாணவி 62 சென்டிமீட்டர் என்று படித்தாள், அந்த நேரம் பார்த்து கைக்குழந்தையோடு ஒரு பெண் அதே இடுக்கில் உடம்பைத் திருப்பி நுழைந்து போனார். அந்தப் பிள்ளை கொஞ்ச நேரம் டேப்பைச் சுருட்டவே இல்லை.

பக்கத்தில் மல்லி கட்டிக்கொண்டிருந்த பூக்கார அம்மா எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கேட்டார், "எல்லாத்தையும் அளக்குறீங்க, நான் எங்க குந்துறதுன்னு அதுல இருக்கா கண்ணு?"

எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் அதே வாரம் அலுவலகத்தில் நான் முடித்து வைத்திருந்த ஒரு தெருவின் படத்தில் மரம், விளக்கு, பெஞ்சு எல்லாம் இருந்தது, கடை போடுகிறவர்களுக்கு ஓர் அடி இடம் இல்லை. தெருவோர வியாபாரிகள் சட்டம் 2014இலேயே வந்துவிட்டது, யார் எங்கே கடை போடலாம் என்பதைப் பேசுகிற நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது, இதையெல்லாம் நானே வகுப்பில் சொல்லிக் கொடுக்கிறேன். சொல்லிக் கொடுத்தது என் படத்துக்கே வந்து சேரவில்லை.

மறுநாள் மாற்றினேன். நடக்கிற பாதைக்கும் வண்டி போகிற சாலைக்கும் இடையே மரமும் விளக்குக் கம்பமும் நிற்கிற பட்டை ஒன்று வரும், அதில் இரண்டு மரத்துக்கு நடுவே ஒன்றரை மீட்டர் அகலத்தில் கடைகளுக்கு இடம் விட்டேன். வேலை கொடுத்தவர்கள் லேசில் ஒத்துக்கொள்ளவில்லை, பேசிப் பேசிப் பாதி இடங்களைத்தான் காப்பாற்ற முடிந்தது.

சரி, திருத்திய படத்தை வகுப்பில் விரித்தேன். 62 சென்டிமீட்டர் படித்த அதே மாணவி கொஞ்ச நேரம் குனிந்து பார்த்துவிட்டு ஒரு கடையின் மேல் விரலை வைத்தாள். "மேடம், இதுக்கு நேர் கீழே மழைநீர் வடிகால் மூடி இருக்கு. அடைப்பு எடுக்க வந்தா முதல்ல இவங்களைத்தானே எழுப்புவாங்க?"

அன்று மாலை அந்தக் கடையை 80 சென்டிமீட்டர் தள்ளி வைத்தேன்.