முந்தானையில் முடிந்த எள்

தை அமாவாசைக்கு முந்தின நாளே அக்காவும் நானும் சேலத்திலிருந்து தருமபுரிக்கு வந்துவிட்டோம். அப்பா போய் இரண்டாவது வருஷம். அனுமன்தீர்த்தத்தில் தர்ப்பணம், அப்படியே தீர்த்தமலை ஏறி சாமி தரிசனம் என்று ஏற்பாடு.

சாயங்காலம் கோட்டைக் கோயிலுக்குப் போனோம். மல்லிகார்ஜுனர் கோயில் மண்டபத்தில் இருக்கிற தொங்கும் தூணின் அடியில் எல்லோரையும் போல நாங்களும் துணியை விட்டு இழுத்துப் பார்த்தோம். அப்புறம் கல்யாண காமாட்சி. இங்கே சுவாமியைவிட அம்மன் சன்னதி உயரம், 18 படி ஏற வேண்டும். அடிப்பகுதியைச் சுற்றி ராமாயணம் சின்னச் சின்னச் சிற்பங்களாக ஓடுகிறது. "அம்மா மேலே, ஐயா கீழே. பரவாயில்லையே" என்றேன். "கோயில்ல வெச்சுக் கும்பிடறதுக்கு என்னடா, கும்பிடுவீங்க" என்றாள் அக்கா.

காலையில் அரூர் வழியாக அனுமன்தீர்த்தம். நந்தி மலையில் பிறந்து, ஓசூரையும் கிருஷ்ணகிரி அணையையும் தாண்டி வருகிற தென்பெண்ணைதான் இங்கே ஓடுகிறது. இலங்கையிலிருந்து திரும்பிய ராமர் தீர்த்தமலையில் சிவபூஜை செய்ய நினைத்தாராம். கங்கை நீர் கொண்டுவரப் போன அனுமனைக் காணோம். நேரம் தப்பிவிடுமே என்று ராமர் மலையில் அம்பு விட்டுத் தண்ணீர் வரவழைத்துவிட்டார். தாமதமாக வந்த அனுமன் கோபத்தில் வீசிய குடம் விழுந்த இடம் இது. கஷ்டப்பட்டுக் கொண்டுவந்தவருக்கு வேலை இல்லாமல் போன கதை என்று இதை அக்கா எப்போதும் சொல்வாள்.

கரையில் நல்ல கூட்டம். புரோகிதர் என்னை உட்கார வைத்துவிட்டு, "பொம்பளைங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா" என்றார். அக்கா பையைத் தூக்கிக்கொண்டு தள்ளிப் போனாள். அப்பா நாலு வருஷம் படுக்கையில் கிடந்தார். குளிப்பாட்டியது, ஊட்டியது, ராத்திரி மூன்று மணிக்குப் புரட்டிப் படுக்க வைத்தது எல்லாம் அக்கா. நான் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு வந்து பார்த்தவன். தர்ப்பைப் பவித்திரம் என் விரலில் ஏறியது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா பெயர்களைச் சொல்லிவிட்டேன். பாட்டி வரைக்கும் வந்தது. "பாட்டியோட மாமியார் பேரு?" என்றார் புரோகிதர். விழித்தேன். தள்ளி நின்ற இடத்திலிருந்தே அக்கா பெயரைச் சொன்னாள். அவரும் தயங்காமல் மந்திரத்தில் சேர்த்துக்கொண்டார்.

தீர்த்தமலைப் படிகளில் அக்கா சிவபுராணம் சொல்லிக்கொண்டே ஏறுவாள். 95 வரியும் மனப்பாடம். புல்லாகி, பூடாய், புழுவாய் என்று ஆரம்பித்து "எல்லாப் பிறப்பும் பிறந்திளைத்தேன்" என்கிற இடத்தில் நிஜமாகவே மூச்சு இளைத்துப்போய் உட்கார்ந்துவிட்டாள்.

"தம்பி, ஒண்ணு கவனிச்சியா? மாணிக்கவாசகர் கல்லைச் சொல்றார், பாம்பைச் சொல்றார், பேயைக்கூட விடல. மனுசப் பிறப்பு வர்றப்ப 'மனிதராய்'னு ஒரே வார்த்தையில முடிச்சிடறார். ஆம்பளையா ஒண்ணு, பொம்பளையா ஒண்ணுன்னு பிரிக்கவே இல்ல."

எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன், எனக்குத் தோன்றவில்லை. சுவேதாசுவதர உபநிடதம் இதையே நேராகச் சொல்கிறது. உயிர் பெண்ணும் அல்ல, ஆணும் அல்ல, இரண்டும் அல்லாததும் அல்ல. எடுத்த உடம்போடு சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். படித்ததுதான். ஆனால் பவித்திரம் என் விரலில் இருந்தபோது அது ஞாபகத்துக்கு வரவில்லையே.

படியோரத்தில் உப்பும் மிளகாய்த்தூளும் தூவி மலை நெல்லி விற்றார்கள். இது அதியமானின் தகடூர் நாடு. சாவைத் தள்ளிப்போடும் நெல்லிக்கனியைத் தான் தின்னாமல் ஒளவைக்குக் கொடுத்தவன் அவன். "சாதல் நீங்க எமக்கு ஈந்தனையே" என்று புறநானூற்றின் 91ஆம் பாட்டில் அவளே பாடுகிறாள். எனக்கு அவன் போர்களைவிட இது பெரிதாகத் தெரிகிறது. யார் உயிர் இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்ட ஒரு ராஜா, ஊர் ஊராகப் பாடித் திரிந்த ஒரு பெண்ணின் பக்கம் போட்டிருக்கிறான். அக்காவுக்கு இரண்டு வாங்கிக் கொடுத்தேன். ஒன்றைத் தின்றுவிட்டு மற்றதை என்னிடமே நீட்டினாள்.

தீர்த்தகிரீஸ்வரரும் வடிவாம்பிகையும் நிதானமாகக் கிடைத்தார்கள். அங்கிருந்து ராமர் தீர்த்தத்துக்குப் போனோம். பாறை உச்சியிலிருந்து தண்ணீர் நூல் நூலாக விழுந்துகொண்டிருந்தது. நான் தலையைக் காட்டிவிட்டு விலகினேன். அக்கா கண்ணை மூடி நின்றாள். முந்தானை முனையில் ஒரு சின்ன முடிச்சு. அவிழ்த்தாள். கறுப்பு எள். காலையில் நான் மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தபோது பையிலிருந்து எடுத்து வைத்திருக்கிறாள்.

உள்ளங்கையில் வைத்துத் தண்ணீருக்கு நேரே நீட்டினாள். அப்பா பெயர் கேட்டது, அம்மா பெயர் கேட்டது. காலையில் நான் மறந்த அந்தப் பெயரும். அதற்கப்புறம் அவள் சொன்ன நாலைந்து பெண் பெயர்களை நான் கேள்விப்பட்டதே இல்லை. எள் போய்விட்டது. ஏழெட்டு மட்டும் ரேகையில் ஒட்டிக்கொண்டிருந்தன. கையை இன்னொரு தரம் நீட்டினாள்.