கோ ஷிங் தெருவில் ஒரு பெயர்ப் பட்டியலோடு

ஹாங்காங் தீவின் வடமேற்குக் கரையையொட்டி ஓடும் டிராம் வண்டியிலிருந்து டெ வூ சாலையின் மேற்குப் பகுதியில் இறங்கியதும் மூக்கில் ஏறுவது கருவாட்டு வாடை. கடலட்டையும் உலர்ந்த சிப்பியும் மூட்டை மூட்டையாகக் குவிந்திருக்கும் அந்தச் சாலையை விட்டுப் பக்கத்துச் சந்துக்குள் திரும்பினால், சிறிது தூரத்திலேயே அந்த வாடை விலகி, நம்மூர் நாட்டு மருந்துக் கடையின் வாசலில் நிற்பது போன்ற, கசப்பும் இனிப்பும் கலந்த மணம் வந்து சேர்கிறது. சீன மருந்துச் சரக்குகளின் வணிகத்துக்குப் பெயர்பெற்ற கோ ஷிங் தெரு அதுதான். பல ஆண்டுகள் கல்லூரியில் தாவரவியல் கற்பித்தவன் என்பதால், மகனைப் பார்க்கச் சென்ற இடத்தில் மற்றவர்கள் கேபிள் காருக்கு வரிசையில் நின்ற நாளில், நான் மகனுடன் வேலை பார்க்கும் பெண் ஒருவரை மொழிபெயர்ப்புக்குத் துணையாக அழைத்துக்கொண்டு இங்கே வந்தேன்.

கையில் பன்னிரண்டு பெயர்கள் கொண்ட பட்டியல் இருந்தது; எல்லாவற்றையும் மாண்டரின் உச்சரிப்பில் மனப்பாடம் செய்திருந்தேன். முதல் கடையிலேயே அந்த உழைப்பு வீணாயிற்று. 'ஹுவாங் ச்சி' வேண்டும் என்று நான் இரண்டு முறை சொல்லியும் கடைக்காரப் பெரியவர் பேசாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நோட்டிலிருந்த எழுத்துகளைக் காட்டியதும்தான் அவர் முகம் தெளிந்தது. 'பாக் கேய்' என்றார். எழுத்து நாடு முழுவதற்கும் பொது, உச்சரிப்பு ஊருக்கு ஊர் வேறு என்பது தெரிந்ததே. ஆனால் இங்கே உச்சரிப்போடு பெயரும் மாறியிருந்தது. நான் கேட்டது வடக்கிலிருந்து வரும் அஸ்ட்ரகாலஸ் என்ற செடியின் வேர் என்பதால், 'வடக்குக் கேய்' என்பதே ஹாங்காங்கில் பேசப்படும் கான்டனீஸ் மொழியின் வழக்கு. அப்படியானால் தெற்குக் கேய் என்று ஒன்று உண்டா என்று விளையாட்டாகக் கேட்டேன். உண்டு. 'ஐவிரல் மயிர்ப் பீச்' என்ற பெயரில் சூப்புக்காக விற்கப்படும் வேரை அப்படியும் அழைக்கிறார்கள். அது பீச் மரமும் அல்ல, அஸ்ட்ரகாலஸும் அல்ல. நம் அத்தியின் பேரினத்தைச் சேர்ந்த செடி. அதன் வேரோடு 'குடலறுக்கும் புல்' என்று பெயர் பெற்ற கொடிய நச்சுக்கொடியின் வேர் கலந்துவிட்டதால் சூப் குடித்தவர்கள் மருத்துவமனைக்குப் போன நிகழ்வுகள் ஹாங்காங்கிலேயே நடந்திருக்கின்றன.

அடுத்து 'நியூ ஷீ' கேட்டேன். மாட்டு முழங்கால் என்று பொருள். செடியின் கணுக்கள் புடைத்திருப்பதால் வந்த பெயர். நாயுருவியின் நெருங்கிய உறவு என்பதால் அதன் வேரைக் கையில் வாங்கிப் பார்க்க எனக்குத் தனி ஆசை இருந்தது. பெரியவரோ எதையும் எடுக்காமல், எந்த முழங்கால் என்று திருப்பிக் கேட்டார். ஹெனான் பகுதியில் விளைவது நாயுருவியின் பேரினம். சிச்சுவானில் விளைவது சயாத்துலா என்ற வேறு பேரினம். வழக்கில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான், முன்னால் சேர்க்கும் ஊர் அடையாளம் மட்டுமே வேறு. அந்த ஓரெழுத்தை விட்டுவிட்டுக் கேட்பது, நம்மூரில் வெள்ளையா மஞ்சளா என்று சொல்லாமல் கரிசலாங்கண்ணி கேட்பதைப் போன்றது.

பெயர் இவ்வளவு வழுக்கலாக இருந்தால் கடைக்காரர்கள் எதை நம்பிச் சரக்கு வாங்குகிறார்கள்? கண்ணையும் மூக்கையும் நாக்கையும்தான். அதற்கென்று தலைமுறை தலைமுறையாக வழங்கிவரும் சொற்கள் இருக்கின்றன. அன்று நான் கேட்டவற்றிலேயே என்னை மிகவும் கவர்ந்தவை அவைதான். அஸ்ட்ரகாலஸ் வேரின் குறுக்குவெட்டைக் காட்டி 'பொற்கிணறு, பச்சைக்கல் கைப்பிடிச்சுவர்' என்றார் பெரியவர்: நடுவே மஞ்சள், சுற்றிலும் வெளிறிய வளையம். 'சிங்கத் தலை' என்றால் டாங் ஷென் வேரின் மேல்முனையில் நெருங்கிக் கிடக்கும் தண்டுத் தழும்புகள். 'கிளி மூக்கு' என்றால் தியென் மா கிழங்கின் நுனியில் சிவந்து வளைந்திருக்கும் மொட்டு. மறுமுனையில் தொப்புளைப் போன்ற வட்டத் தழும்பும் இருக்க வேண்டும். இவ்விரண்டும் இல்லையென்றால் அது அந்திமந்தாரைக் கிழங்காகவோ உருளைக்கிழங்காகவோ இருக்கலாம். டூ ஜோங் பட்டையை என் கையிலேயே கொடுத்து ஒடிக்கச் சொன்னார். ஒடிந்த இரு துண்டுகளுக்கும் இடையே வெள்ளி இழைகள் சிலந்திவலை போல நீண்டன. முப்பது வருடம் நுண்ணோக்கியில் குறுக்குவெட்டு பார்த்தவன் நான். ஆனாலும் ஒரு திசுவுக்கு இவ்வளவு நல்ல பெயர் வைக்க எனக்குத் தோன்றியதில்லை.

ஆயினும் கண் மட்டும் போதாது என்பதை இந்த ஊரே பெருவிலை கொடுத்துக் கற்றது. 1989இல் 'லுங் தான் சோ' என்ற கசப்பு வேருக்குப் பதிலாக இமயமலைப் பகுதியின் போடோபில்லம் வேர் இங்கே விற்கப்பட்டு, அதன் கஷாயத்தைக் குடித்தவர்களுக்கு நரம்பு மண்டலம் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. அதே ஆண்டு சீன மருத்துவத்தை ஆராய அரசு ஒரு குழுவை அமைத்தது; 1999இல் சீன மருத்துவச் சட்டம் வந்தது. அச்சட்டத்தின் முதல் அட்டவணையில் 31 நச்சுச் சரக்குகளும், இரண்டாவதில் பொதுப் பயன்பாட்டிலுள்ள 574 சரக்குகளும் இடம்பெற்றன. நம் ஊமத்தையின் பூ அந்த 31இல் ஒன்று.

பெயர்க் குழப்பத்தின் மிகப் பெரிய விலையைக் கொடுத்தவர்கள் சீனாவுக்கு வெகு தொலைவில் இருந்தார்கள். 1990களின் தொடக்கத்தில் பிரசெல்ஸ் நகரில் உடல் எடையைக் குறைக்கக் கொடுத்த மாத்திரைகளில் 'ஃபாங் ஜி' என்ற பெயரில் ஸ்டெபானியா என்ற கொடியின் வேர் சேர்ந்திருக்க வேண்டும். சேர்ந்ததோ 'குவாங் ஃபாங் ஜி' எனப்படும் அரிஸ்டோலோக்கியா என்ற நச்சுக்கொடி. நூற்றுக்கும் மேற்பட்டோரின் சிறுநீரகம் பழுதடைந்தது. பிறகு பலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றும் கண்டது. நம்மூர் ஆடுதீண்டாப்பாளையும் அதே அரிஸ்டோலோக்கியா பேரினம்தான். கண்டதையெல்லாம் மேயும் ஆடே தொடாது என்று பெயரிலேயே சொல்லிவைத்தவரை நினைத்துக்கொண்டேன்.

இவ்வளவையும் கேட்டுக் குறிப்பெடுத்தவன், மாலையில் ஒரு பொட்டலத்தின் மேலும் பெயர் எழுதாமல் அறைக்குத் திரும்பினேன். பொட்டலங்களைப் பிரித்தபோது அஸ்ட்ரகாலஸைப் பொற்கிணறு காட்டிக்கொடுத்தது. முழங்கால் வேரும் தெரிந்தது. இரண்டு பொட்டலங்களில் மட்டும் ஒரே மாதிரியான வெள்ளை மாவுத் துண்டுகள் இருந்தன. ஒன்று சூப்புக்கு வாங்கிய 'வாய் சான்', அதாவது வள்ளிக்கிழங்கு இனம். மற்றது 'தியென் ஹுவா ஃபென்', புடலையின் பேரினத்தைச் சேர்ந்த கொடியின் வேர். மாதிரிக்காக வாங்கியது, கருவுற்ற பெண்கள் தொடவே கூடாதது. மருமகள் சூப் வைப்பதற்காகத் தண்ணீரைக் கொதிக்க வைத்திருந்தாள். நான் அடுப்பை அணைக்கச் சொன்னேன்.

மறுநாள் காலை இரண்டு பொட்டலங்களோடும் அதே கடைக்குப் போனேன். பெரியவர் சிரிக்கவில்லை. ஒரு துண்டை ஈரமாக்கி என் விரலில் தேய்த்தார், வழவழத்தது. அது வள்ளி. இன்னொன்றை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, வெள்ளையின் நடுவே ஆரம் ஆரமாகச் சிதறிக் கிடந்த மஞ்சள் புள்ளிகளைக் காட்டி, நுனி நாக்கில் வைத்துத் துப்பச் சொன்னார். மெல்லிய கசப்பு இருந்தது. பிறகு வள்ளியின் பெயருக்கும் ஒரு கதை சொன்னார். அதன் பழம்பெயரிலிருந்த இரண்டு எழுத்துகளின் ஒலியும் தாங், சோங் அரச மரபுகளின் பேரரசர்கள் இருவரின் பெயர்களோடு ஒத்திருந்தமையால், அவற்றை வாயால் சொல்லக்கூடாதென்று இரண்டு முறை பெயர் மாற்றி, கடைசியில் 'மலை மருந்து' என்று ஆக்கினார்களாம். 1596இல் வெளிவந்த, சீன மருத்துவர் லி ஷிசென்னின் மூலிகைப் பெருநூல், தான் பேசும் 1892 சரக்குகளின் விவரிப்பில் பெயர் விளக்கத்துக்கு முதலிடம் தந்ததன் தேவை அப்போது எனக்கு விளங்கியது. கணவன் பெயரைச் சொல்லாமலே ஆயுள் முழுவதையும் கழித்த என் பாட்டிக்கு இந்தக் கதை பிடித்திருக்கும்.

பெரியவர் மேசையிலிருந்து பேனாவை எடுத்து, இரண்டு பொட்டலங்களின் மேலும் பெரிய எழுத்தில் பெயர் எழுதினார். புடலை வேரின் பொட்டலத்தில் பெயருக்குக் கீழே இரண்டு கோடுகளும் போட்டுக் கொடுத்தார்.