பந்தை ஊதாதீங்க, உறிஞ்சுங்க

பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன். சின்னதாக நாலு ஓட்டை போட்டு எடுத்துவிடலாம், மறுநாளோ அதற்கடுத்த நாளோ வீட்டுக்குப் போகலாம் என்றுதான் சொல்லியிருந்தார்கள். உள்ளே கேமராவை விட்டுப் பார்த்தால் பித்தப்பை சுற்றிலும் ஒட்டிப்போய்க் கிடந்ததாம். வயிற்றைத் திறந்துதான் எடுத்தார்கள். கண் விழித்தபோது வலது விலாவுக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்குத் தையல்.

முந்தின நாள் மருந்துச் சீட்டில் ‘ஸ்பைரோமீட்டர்’ என்று ஒன்று இருந்தது. வாங்கினோம். மூன்று பிளாஸ்டிக் குழாய்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பந்து, வாயில் வைக்க ஒரு டியூப். எதற்கு என்று யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பிளாஸ்கோடும் பிஸ்கட் பாக்கெட்டோடும் அது பைக்குள்ளேயே கிடந்தது.

இரண்டாம் நாள் காலையில் விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் கருவி 91 சதவீதம் காட்டியது. சிஸ்டர் முகம் மாறிவிட்டது. மாஸ்க் வைத்து ஆக்சிஜன் கொடுத்தார்கள். எனக்கானால் மூச்சு முட்டவே இல்லை. “நல்லா இழுத்து மூச்சு விடுங்க” என்றார். இழுத்தேன். தையலில் யாரோ கத்தியை விட்டுத் திருகுகிற மாதிரி வலி, பாதியிலேயே நின்றுவிட்டது. அப்போதுதான் தெரிந்தது, ஒன்றரை நாளாக வலிக்குப் பயந்து மேலோட்டமாகவே மூச்சு விட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். மனைவி கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள். நிமிடத்துக்கு 26. சும்மா இருக்கும் ஆளுக்கு 12 முதல் 20 வரைதான் இருக்க வேண்டும்.

மதியம் பிசியோதெரபிஸ்ட் வந்தார். சின்னப் பெண். பைக்குள்ளிருந்த பந்துக் கருவியை எடுக்கச் சொன்னார். டியூபை வாயில் வைத்து என் பலத்தையெல்லாம் கூட்டி ஊதினேன். ஒரு பந்தும் அசையவில்லை.

“எல்லாரும் முதல்ல ஊதத்தான் செய்வாங்க சார். இது ஊதுறது இல்ல, உறிஞ்சுறது. இளநியில ஸ்ட்ரா போட்டுக் குடிக்கிற மாதிரி.”

உறிஞ்சினேன். முதல் பந்து அரை அங்குலம் எழும்பி விழுந்தது. அவ்வளவுதான் என் மூச்சு!

மூச்சு முட்டாதபோது ஆக்சிஜன் எப்படிக் குறையும் என்று கேட்டேன். பொறுமையாகச் சொன்னார். ‘மூச்சு விடு’ என்று மூளையை முக்கியமாகத் தூண்டுவது கார்பன் டை ஆக்சைடு. வேகமாக மூச்சு விட்டதால் அது வெளியேறிக்கொண்டுதான் இருந்தது. அதனால் மூளைக்குப் புகார் இல்லை. ஆக்சிஜன் கொஞ்சம் குறைந்தால் அது அவ்வளவாக அலட்டிக்கொள்ளாது. ஆனால் மயக்க மருந்தும், மல்லாந்து படுத்ததும், அரை மூச்சும் சேர்ந்து நுரையீரலின் அடிப்பாகத்துக் காற்றறைகள் மூடிக்கொண்டன. அந்தப் பக்கம் போகும் ரத்தம் ஆக்சிஜன் எடுக்காமலே திரும்பிவிடும். மழையில் நனைந்த கேரி பேக்கின் வாயைப் பிரிக்கிற பாடுதான், ஒட்டியதை மறுபடி திறப்பது.

“சாதாரணமா இருக்கும்போது நமக்கே தெரியாம சில நிமிஷத்துக்கு ஒரு தடவை பெருமூச்சு விடுவோம் சார். மூடுன அறைகளை அதுதான் திறந்துவிடும். உங்களுக்கு வலியில அது நின்னு போச்சு.”

பெருமூச்சு என்றால் கவலை என்றே இத்தனை வருஷம் நினைத்திருந்தேன்.

மணிக்குப் பத்து தடவை செய்யச் சொன்னார். சீக்கிரம் குணமாகட்டும் என்று பத்தையும் மூச்சுவிடாமல் – சரி, மூச்சு விட்டுவிட்டுத்தான் – மளமளவென்று முடித்தேன். மூன்று பந்துகளும் ஒரு நொடி துள்ளின. பெருமையாகத் திரும்பிப் பார்ப்பதற்குள் தலை சுற்றியது, விரல் நுனியெல்லாம் ஊசி குத்தியது. கார்பன் டை ஆக்சைடு ஒரேயடியாக வெளியே போய்விட்டால் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சுருங்கிவிடுமாம். மூன்று பந்தும் துள்ளுவது பெரிதில்லை. முதல் பந்தை மெதுவாகத் தூக்கி மூன்று நொடி நிறுத்துவதுதான் வேலை. ஒவ்வொன்றுக்கும் நடுவே சாதாரணமாக நாலு மூச்சு விட வேண்டும்.

இன்னொரு முட்டாள்தனமும் செய்தேன். வலி மருந்து எதற்கு, தாங்கிக்கொள்கிறேன் என்று வீரம் காட்டினேன். அந்தப் பெண் கொஞ்சம் கடிந்தே பேசினார். ஊசி போட்டு அரை மணி கழித்துப் பந்தைத் தூக்கினால் மூச்சு தானாக ஆழமாக இறங்கியது. இருமும்போது தலையணையைத் தையல் மேல் அழுத்திப் பிடித்துக்கொள்வது, படுக்காமல் சாய்ந்து உட்கார்வது, வராந்தாவில் நடப்பது என்று மற்றவையும் சேர்ந்துகொண்டன. உட்கார்ந்தாலே வயிறு கீழே இறங்கி, நுரையீரலுக்கு அடியில் இருக்கும் மூச்சுத் தசையான உதரவிதானத்துக்கு இடம் கிடைக்கிறது. நாலாம் நாள் மாஸ்க் இல்லாமலே 96.

இதையெல்லாம் ஆபரேஷனுக்கு முன்னாலேயே, வலியில்லாத வயிற்றோடு, பத்து நிமிடம் சொல்லிக் கொடுத்திருக்கலாம். பந்தை வாங்க மட்டும் சொல்லிவிட்டு விட்டதில் எனக்கு இன்னும் வருத்தம்தான்.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் சாயங்காலம், திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். உள்ளேயிருந்து மனைவியின் குரல்: “என்னத்துக்கு இவ்வளவு பெரிய பெருமூச்சு? பில்லை நெனச்சீங்களா?”

நான் விட்டதே எனக்குத் தெரியவில்லை.