அவருக்குத் தெரியாமல் ஒரு பயணம்

2025 பெப்ரவரி 9, ஞாயிறு

பகல் பதினொன்றரை போல மின்சாரம் நின்றது. பாணந்துறையில் உபமின்நிலையம் ஒன்றில் குரங்கு பாய்ந்ததாம், நாடு முழுக்க மின்சாரம் நின்றதென்று பிறகுதான் தெரிந்தது. விசிறி இல்லாமல் வீட்டுக்குள் இருக்க ஏலாது. பாயை எடுத்துக்கொண்டு எல்லோரும் மாமரத்தடிக்கு வந்துவிட்டோம்.

இவர் பகலில் வீட்டில் இருப்பதே அருமை. பிள்ளைகள் இரண்டும் பிடித்துக்கொண்டன. இவர் தன்னுடைய அப்பப்பா சிதம்பரம் போன கதையைச் சொன்னார். பரந்தனில் ரயில் ஏறி, மதவாச்சியில் மாறி, தலைமன்னாரில் இறங்கி, கப்பலில் தனுஷ்கோடி. 1914 இல் தொடங்கிய கப்பல் அது. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்த பிறகு இராமேஸ்வரத்துக்கு ஓடியது. எண்பதுகளில் போர் வந்து அதுவும் நின்றது. கப்பலில் அப்பப்பாவுக்குத் தலை சுற்றியது, பக்கத்தில் இருந்த செட்டியார் தேசிக்காய் கொடுத்தது எல்லாம் இவர் தானே கூடப் போனதுபோலச் சொல்கிறார்.

“நீங்கள் அந்த இடம் பார்த்திருக்கிறீங்களோ அப்பா?” என்று மூத்தவன் கேட்டான்.

“மடுவுக்குப் போயிருக்கிறன். அதுக்கங்கால போகேல்லை. எங்க நேரம்?”

சொல்லிவிட்டு எழும்பி மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போய்விட்டார். நான் பாயிலேயே இருந்து யோசித்தேன். இவரை அங்கே கூட்டிக்கொண்டு போக வேண்டும். நாங்கள் இரண்டு பேர் மட்டும். சொல்லாமல்.

பெப்ரவரி 12, பௌர்ணமி

எங்கள் கலியாண நாள் மார்ச் 10. 2013 இல் முடித்தோம். ஒரு வருடமும் அந்த நாளைக் கொண்டாடியதில்லை, அது வெட்டுக் காலத்தில் வந்து விழுகிற நாள். வேலைக்குப் போகிறவர்கள் என்றால் லீவு போட்டுவிட்டுப் போகலாம். இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்கிறவருக்கு லீவு கொடுக்க ஒருவரும் இல்லை. காலபோகம் என்றால் புரட்டாதி, ஐப்பசியில் விதைத்துத் தை, மாசியில் வெட்டு. வெட்டி நெல்லை ஏற்றி முடிய, அடுத்த போகமான சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் என்று கூட்டம் வைப்பார்கள். பிறகு தண்ணீர் முறை வரும். இந்த வருடம் இன்னும் மோசம். நவம்பர் வெள்ளத்தில் எங்கள் பள்ளக்காணி அழிந்து, அந்தத் துண்டை மறுபடி விதைத்ததால் அது பிந்தித்தான் வெட்டுக்கு வரும்.

கலண்டரைப் பிடித்துப் பார்த்தேன். மார்ச் 13 வியாழன், அடுத்த பௌர்ணமி, நான் படிப்பிக்கிற பாடசாலைக்கு விடுமுறை. வெள்ளி மட்டும் நான் லீவு எடுத்தால் சனி மத்தியானம் திரும்பலாம். அதற்குள் நெல் வெட்டி, காய்ந்து, வீடு வந்திருக்க வேண்டும். சிறுபோக வேலை தொடங்கியிருக்கக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி.

திருகோணமலையும் ஒரு தரம் மனதில் வந்தது. நிலாவெளிக் கடல் வடிவு. ஆனால் அந்தப் பக்கம் மே, ஜூனில்தான் கடல் அடங்கும், அப்போது சிறுபோகப் பயிர் நிற்கும். அதோடு இவர் வாயால் சொன்ன இடம் தலைமன்னார்தானே.

பெப்ரவரி 16

மாமியிடம் சொல்லாமல் இது நடக்காது. பிள்ளைகள் இரண்டும் அவவிடம்தான் நிற்க வேண்டும். எப்படி எடுத்துக்கொள்வா என்ற பயம் இருந்தது. கலியாணம் கட்டிப் பன்னிரண்டு வருடம், பிள்ளைகளை விட்டுவிட்டுப் புருஷனும் பெண்சாதியும் தனியே ஊர் சுற்றப் போகிறார்களாம் என்று சனம் கதைக்கும். கதைக்கிற சனத்தை எனக்குத் தெரியும், மாமிக்கும் தெரியும்.

கோழிக்குக் குறுணல் போட்டுக்கொண்டு நின்றா. சொன்னேன். கை நிற்கவில்லை, குறுணல் முழுக்கப் போட்டு முடித்துவிட்டுத்தான் திரும்பினா.

“நானும் உன்ர மாமாவும் தனிய ஒருக்காத்தான் போயிருக்கிறம் பிள்ளை. புதுக்குடியிருப்புக்கு, எருது வாங்க. வண்டில்ல. வழியெல்லாம் அந்த மனுசன் கதைச்ச கதை. வீட்டில அப்பிடிக் கதைச்சதே இல்லை. நீங்கள் போட்டு வாங்கோ. பிள்ளையளை நான் பாக்கிறன்.”

பிறகு குரலைத் தாழ்த்தி, “சின்னவளுக்குச் சொல்லிப்போடாதை, அவளின்ர வாயில ஒண்டும் நிக்காது” என்றா. அது சரி.

பெப்ரவரி 23

மேட்டுக்காணி வெட்டியாயிற்று. வெட்டு மெசின் முல்லைத்தீவுப் பக்கத்திலிருந்து வந்தது, இரவு பத்து மணிக்கும் வயலில் வெளிச்சம். நான் தேத்தண்ணியும் வாய்ப்பனும் கொண்டுபோனேன். இவர் வரம்பில் நின்று மெசின் திரும்பும் இடத்தில் கிடந்த கதிரை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

அங்கே வைத்துத்தான் இவருடைய சிநேகிதரைத் தனியாகப் பிடித்தேன். வாய்க்காலுக்கு அடுத்த பக்கக் காணிக்காரர், நான் அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். பால் கறப்பது, கன்றுகளைக் கட்டுவது, நெல் வெளியில் கிடந்தால் கட்டாக்காலி மாடு வராமல் பார்ப்பது எல்லாம் அவர் பொறுப்பு. கமக்கார அமைப்பில் கூட்டம் கீட்டம் வைத்தாலும் அவர் போய்க் கேட்டு வந்து சொல்வார்.

“தங்கச்சி, உவன் மாட்டை விட்டிட்டு வருவானோ?”

“சொன்னால் வரமாட்டார் அண்ணை. அதுதான் சொல்லேல்லை.”

அவர் சிரித்த சிரிப்பில் இவர் திரும்பிப் பார்த்தார். மெசின்காரனைப் பற்றிக் கதைத்ததாகச் சமாளித்தோம்.

பெப்ரவரி 27

நேற்றுச் சிவராத்திரி. திருக்கேதீஸ்வரத்துக்குச் சனம் திரண்டு போகும் நாளென்பதால் மன்னாரில் அறை கேட்டு எடுப்பதை இன்றைக்கென்று தள்ளி வைத்திருந்தேன். இன்று இடைவேளையில் பாடசாலை வேம்படியில் நின்று ஒரு தங்குமிடத்துக்குப் போன் எடுத்தேன். கடற்கரைக்குக் கிட்ட, நாலைந்து அறை உள்ள சின்ன இடம்.

“எத்தினை பேர்?”

“ரெண்டு பேர்.”

“பிள்ளையள்?”

“இல்லை, நாங்கள் ரெண்டு பேரும்தான்.”

சொல்லும்போது முகம் சூடேறியது, பக்கத்தில் ஒருவரும் இல்லாவிட்டாலும். அடையாள அட்டை கொண்டுவரச் சொன்னார்கள். இரவுச் சாப்பாட்டுக்கு முதல்நாளே சொன்னால் நண்டும் கணவாயும் எடுத்து வைப்பார்களாம். சொல்லிவிட்டேன். காசு என்னுடைய சீட்டு விழுந்த காசு, வீட்டுச் செலவில் தொடவில்லை.

மார்ச் 4

பள்ளக்காணியும் வெட்டியாயிற்று. நெல் முற்றத்திலும் றோட்டோரத் தளத்திலும் கிடக்கிறது. அரசாங்கம் நாட்டுநெல்லுக்குக் கிலோ 120 ரூபா என்று போன மாதம் அறிவித்தது. ஆனால் ஈரம் 14 வீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்க மாட்டார்கள். வெட்டி வந்த நெல்லில் அதைவிட ஈரம் கூட. விரித்து, காலால் உழக்கிக் கிளறி, பின்னேரம் குவித்துப் படங்கு மூட வேண்டும். ஒரு மழை விழுந்தால் எல்லாம் முதலிலிருந்து.

நானும் இறங்கிக் காலால் உழக்குகிறேன். இந்தக் கிழமை இவருக்கு என்னால் செய்யக்கூடிய பெரிய உதவி அதுதான். “ரீச்சர் ஏன் இவ்வளவு அவசரப்படுகிறா?” என்று இவர் கேட்டார். வெயில் இருக்கும்போது காய விட வேண்டாமா என்றேன். பொய் இல்லையே.

மார்ச் 10

கலியாண நாள். இவருக்கு ஞாபகம் இருந்தது. அது எனக்குச் சந்தோஷம். பரந்தனில் இருந்து திரும்பும்போது கேக் துண்டு இரண்டு வாங்கி வந்து, எங்களுக்கு வெட்டிக் கொடுத்துவிட்டுத் தனக்கு இல்லாமல் நின்றார். நெல் சாக்கில் கட்டியாகிவிட்டது. வானம் வெளித்திருக்கிறது.

மார்ச் 12

மோட்டார் சைக்கிளுக்கு எண்ணெய் மாற்றி ரயருக்குக் காற்று அடித்து வைத்திருக்கிறேன், பாடசாலைக்குக் கொண்டுபோகிறேன் என்று சொல்லி. இவருடைய நல்ல சேர்ட், சாரம், துவாய், மாமியின் பழைய பையில். அதை மாமி தன்னுடைய கட்டிலுக்குக் கீழே வைத்திருக்கிறா. அண்ணை இரவு வந்து ஒரு காரணமும் இல்லாமல் மாட்டைப் பார்த்துவிட்டுப் போனார். மூத்தவனுக்கு இன்றுதான் சொன்னேன். முகம் முழுக்கப் பெரிய மனிதனாகிவிட்டான்.

மார்ச் 13, பௌர்ணமி

காலை ஐந்தரைக்குப் புட்டும் கட்டைச் சம்பலும் பொரித்த முட்டையும் வாழையிலையில் கட்டி எடுத்துக்கொண்டேன். கிளிநொச்சியில் ஒரு அலுவல், சேர்ட்டைப் போடுங்கோ என்றேன். போயா நாளில் என்ன அலுவல் என்று கேட்கவில்லை, பொத்தானைப் பூட்டிக்கொண்டு வந்தார். மாமி பையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தா. அப்போதும் கேட்கவில்லை. முரசுமோட்டையில் இருந்து பரந்தன் சந்திக்கு வந்ததும் கிளிநொச்சிப் பக்கம் திருப்பப் பார்த்தார்.

“பூநகரிப் பக்கம் விடுங்கோ.”

சைக்கிளை நிறுத்தினார். எஞ்சினை நிறுத்தவில்லை.

“என்னப்பா? எங்க போறம்?”

“தலைமன்னாருக்கு.”

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு மாடு என்றார். அண்ணை என்றேன். நெல் என்றார். கட்டித்தானே வைத்திருக்கு என்றேன். சின்னவள் என்றார். மாமி என்றேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆளைச் சொல்லச் சொல்ல இவருடைய தோள் இறங்கியதை நான் பின்னால் இருந்து பார்த்தேன். கடைசியாக, “எல்லாருக்கும் தெரியும், எனக்குத்தான் தெரியாது, என்ன?” என்று கேட்டுவிட்டுச் சைக்கிளைப் பூநகரிப் பக்கம் விட்டார்.

முழங்காவில் தாண்டி ஒரு வாகை நிழலில் புட்டைச் சாப்பிட்டோம். வெள்ளாங்குளம், இலுப்பைக்கடவை, விடத்தல்தீவு. வழி முழுக்க வயலைப் பார்த்து, இது பிந்தி விதைச்சது, இது மடக்கி விழுந்திருக்கு என்று சொல்லிக்கொண்டே வந்தார். நான் தடுக்கவில்லை. மாமி சொன்ன வண்டில் பயணம் நினைவு வந்தது. வீட்டில் நாங்கள் ஒரு கிழமையில் கதைக்கிறதை இந்தப் பாதையிலேயே கதைத்து முடித்திருப்போம். விதைப்பு முடிந்து, பிறகு மூத்தவனின் படிப்பு, பிறகு என் அம்மா.

தள்ளாடிக்கு வர, மன்னார்ப் பாதையின் இரண்டு பக்கமும் தரவை நீர். வங்காலைப் பறவைகள் சரணாலயம் அது. 2010 இல் ராம்சார் ஈரநிலமாக அறிவித்தார்கள். குளிர்காலத்துக்கு வரும் பறவைகள் பங்குனியில் திரும்பிவிடும், பூநாரை இருக்குமோ இல்லையோ என்று மனதுக்குள் ஒரே யோசனை. இருந்தன. முதலில் நீரின் அந்தக் கரையில் ரோஸ் நிறத்தில் ஒரு கோடுதான் தெரிந்தது. இவர் சைக்கிளை ஓரம் கட்டிவிட்டு, தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு பார்த்தார். கொஞ்சம் கிட்ட நின்றவை தலையைக் கவிழ்த்து, சொண்டைச் சேற்றில் தலைகீழாக வைத்து வடித்துக்கொண்டிருந்தன. ஒரு கால் சேற்றை மிதிக்க, மற்றக் கால் மிதிக்க, நின்ற இடத்திலேயே வட்டம் போட்டன.

“பார், நெல்லு உழக்கிற மாதிரி” என்றார்.

இவருக்கு எங்கே போனாலும் வயல்தான். எனக்கு அது பிடிக்கும்.

மார்ச் 14

விடியத் தலைமன்னார் இறங்குதுறை. வெளிச்சவீட்டைத் தாண்டி மணலில் நடந்தால் பழைய கப்பல் துறையின் இரும்புத் தூண்கள் கடலுக்குள் வரிசையாகப் போகின்றன. மேல்தளம் பல இடத்தில் இல்லை. தூண்களில் உப்பு தின்று தின்று இரும்பு ஏடு ஏடாகக் கழன்று நிற்கிறது. கைவைத்தால் விரலில் சிவப்புத்தூள். ஒரு ஆணித்தலை என் உள்ளங்கை அளவு. இவர் அதை விரலால் சுற்றித் தடவிப் பார்த்தார்.

அங்கே வலை இழுத்துக்கொண்டிருந்த ஐயா ஒருவரிடம் கேட்டு, ரயில் வந்து நின்ற இடம், கப்பல் கட்டிய பக்கம் எல்லாம் அறிந்துகொண்டார். அடுத்த கரை ஏறத்தாழ 30 கிலோமீற்றர்தான். இரவில் அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரியும் என்றார் அந்த ஐயா. பழைய ரயில்பாதை போரில் அழிந்து, 2015 மார்ச் 14 அன்றுதான் தலைமன்னாருக்கு மறுபடி ரயில் விட்டார்கள், இந்திய பிரதமர் வந்து தொடக்கி வைத்தார். இன்றோடு சரியாகப் பத்து வருடம்.

இவர் மாமிக்குப் போன் எடுத்தார்.

“அம்மா, அப்பப்பா கப்பல் ஏறின இடத்தில நிக்கிறன்.”

மாமி சொன்னது எனக்கும் கேட்டது. “வெயிலுக்குள்ள நிக்காதேங்கோ. சாப்பிட்டியளோ?”

போனை வைத்துவிட்டு இவர் மூக்கை உறிஞ்சினார். நான் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார், அந்த ஐயா பார்க்கப் பார்க்க. ஊரில் ஒரு நாளும் நடக்காத காரியம்.

பின்னேரம் பள்ளிமுனைப் பெருக்கமரம். அரேபிய வணிகர்கள் கொண்டுவந்து நட்டதாகச் சொல்கிறார்கள். நாலைந்து பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க ஏலாது. மன்னார்த் தெருக்களில் கழுதைகள் தங்கள் பாட்டில் போய் வருகின்றன. தெற்குக் கரையில் காற்றாலைகள், 30 நிற்கின்றன. இரவு நண்டுக்கறி. இவர் ஓடு உடைத்து எனக்கு எடுத்து வைத்தார். நிலா கடலுக்கு மேல் ஏறிய பிறகும் நாங்கள் வெளியில் கதிரையைப் போட்டு இருந்தோம். சிறுபோகம் முடிய வீட்டுக்கு முன்னால் ஒரு திண்ணை கட்டுவோம் என்றார். எதற்கு என்றேன். “இப்பிடி இருக்க” என்றார்.

மார்ச் 15

காலையிலேயே அண்ணைக்குப் போன் எடுத்துக் கேட்டார். பால் சரி, கன்று சரி, கூட்டம் ஒன்றும் இல்லை. சின்னவள் மட்டும் தனக்குச் சொல்லவில்லை என்று மாமியோடு கோபமாம். அவளுக்குச் சோகியும் சங்கும் வாங்க வேண்டும், மாமிக்குக் கருவாடு. வெயில் ஏறுமுன் வெளிக்கிட வேண்டும் என்று நான் பையைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். தள்ளாடியில் இன்னுமொருக்கா நிற்போம் என்று இவரே சொல்கிறார்.