மஞ்சள் விவசாயிகளுக்கு மின்மடல் எழுதுவது

ஈரோட்டுப் பக்கம் மஞ்சள் பயிரிடும் தோட்டக்காரர்கள் சேர்ந்து நடத்தும் எங்கள் சங்கத்தின் மின்மடலை நான் தயாரித்து அனுப்பி வருகிறேன். தோட்டத்தில் இருப்பவர்களுக்கு வாட்ஸ்அப் போதும். கோவையிலும் பெங்களூரிலும் வேலை பார்த்துக்கொண்டே வீட்டுக் கணக்கைக் கவனிக்கும் பிள்ளைகளுக்கும், எங்களிடம் சரக்கு எடுக்கும் வியாபாரிகளுக்கும்தான் மின்மடல் தேவைப்படுகிறது. யாருக்காக எழுதுகிறோம் என்பது எனக்குத் தெளிவாகவே ஓராண்டு ஆயிற்று.

முதல் மடலின் பொருள் வரியில் (சப்ஜெக்ட்) ‘செய்திமடல், இதழ் 1’ என்று எழுதியிருந்தேன். உள்ளே ஆண்டுவிழாப் புகைப்படங்களும் தலைவர் உரையும் இருந்தன; எழுத்துரு எங்கும் ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்று மடல் முழுவதையும் ஒரே படமாக்கி ஒட்டியிருந்தேன். அடுத்த வாரம் பெரியவர் ஒருவர், “ஏனுங்க தம்பி, பையனுக்கு மெயில் வந்துச்சாமா, தொறந்தா வெறுங்கட்டமா இருக்குதுங்கறான். வெரலி என்ன வெலைன்னு அதுல போட மாட்டீங்களா?” என்று கேட்டார். படங்களைத் தடுத்து வைத்திருக்கும் அஞ்சல் பெட்டியில் அந்த மடல் வெறுங்கட்டமாகத்தான் தெரியும். பார்வையற்றவரின் திரைவாசிப்பானுக்கும் அதில் படிக்க ஒன்றும் இல்லை. அவர் கேட்ட விரலி மஞ்சள் விலையே மடலின் முதல் செய்தியாக இருந்திருக்க வேண்டும்.

அதன்பிறகு பொருள் வரியை எழுதி முடித்த பின்னரே மடலைத் தொடங்குகிறேன். கைப்பேசித் திரையில் அதன் முன்பகுதி மட்டுமே தெரிகிறது. நம் சொற்கள் நீளமானவை என்பதால் முதல் மூன்று நான்கு சொற்களுக்குள் செய்தி வந்துவிட வேண்டும். விரலி, கிழங்கு இரண்டும் தனித்தனி விலைக்கு விற்கும் மஞ்சள் வகைகள் என்பதால், ‘விரலி, கிழங்கு: இந்த வார விலை’ என்பது பெரும்பாலான வாரங்களுக்குப் போதும். ஐப்பசி மழையில் வயலில் நீர் தேங்கினால், ‘கிழங்கு அழுகல்: உடனே வடிகால்’ என்று மாற்றிவிடுகிறேன். சங்கத்தின் பெயருக்கு இடம் அனுப்புநர் பெயரில் இருக்கிறது. அதை ஒருபோதும் மாற்றுவதில்லை. உள்ளே ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்திலும் கூட்டுறவுச் சங்கத்திலும் குவிண்டாலுக்குக் கிடைத்த குறைந்த விலை, அதிக விலை இரண்டையும் எழுத்தாகவே தருகிறேன்.

தமிழில் அனுப்புவோர் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஏறத்தாழ 102 கிலோபைட்டைத் தாண்டும் மடலை ஜிமெயில் பாதியில் வெட்டி, மீதியை ஓர் இணைப்புக்குப் பின்னால் மறைத்துவிடுகிறது. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 குறியீட்டில் ஆங்கில எழுத்துக்கு 1 பைட் போதும். தமிழிலோ ‘க’ 3 பைட், ‘கொ’ 6 பைட். மடலின் தோற்றத்தை அமைக்கும் வார்ப்புருக்களின் குறிநிரலும் இதே கணக்கில் சேர்வதால், நீண்ட தமிழ் மடல் விரைவில் எல்லையைத் தொடும். வெட்டுப்படும்போது மடல் வேண்டாம் என்பவர் பட்டியலிலிருந்து விலக அடியில் இருக்கும் இணைப்பும் சேர்ந்தே மறைகிறது. ஆகவே நீண்ட கட்டுரைகளை இணையதளத்தில் வைத்து, மடலில் சுருக்கம் மட்டும் கொடுக்கிறேன்.

ஒருமுறை எல்லா முகவரிகளையும் பெறுநர் கட்டத்திலேயே போட்டு அனுப்பிவிட்டேன். உறுப்பினர்களின் முகவரிகளை வியாபாரிகள் உட்பட அனைவரும் பார்த்தார்கள். மன்னிப்புக் கேட்டு எழுதியும் அந்த வருத்தம் தீரவில்லை. இப்போது மடல் அனுப்புவதற்கென்றே உள்ள சேவையின் வழியாக, கேட்டுச் சேர்ந்தவர்களுக்கு மட்டுமே அனுப்புகிறோம். 2024 பிப்ரவரி முதல், ஜிமெயில் கணக்குகளுக்கு நாளொன்றுக்கு 5,000 மடல்களுக்கு மேல் அனுப்புவோர் மடல் உண்மையான அனுப்புநரிடமிருந்தே வருகிறது என்பதைச் சரிபார்க்க உதவும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் ஆகிய மூன்றையும் அமைத்து, ஒரே சொடுக்கில் விலகும் வசதியும் தர வேண்டும் என்று கூகுள் விதித்தது. எங்கள் பட்டியல் அதில் சிறு பகுதிகூட இல்லை. ஆனாலும் அனைத்தையும் செய்துவைத்தோம், ஏனெனில் விலக வழி தெரியாதவர் ‘ஸ்பேம்’ பொத்தானை அழுத்துவார், அது மற்ற உறுப்பினர்களுக்கு மடல் சேர்வதையும் கெடுக்கும்.

எத்தனை பேர் திறந்தார்கள் என்ற எண்ணிக்கையை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மடலில் உள்ள ஒரு சிறு படம் இறங்குவதை வைத்துத்தான் அதைக் கணக்கிடுகிறார்கள். 2021இல் ஆப்பிள் கொண்டுவந்த தனியுரிமை வசதி, படிக்காத மடல்களின் படங்களையும் முன்கூட்டியே இறக்கிவிடுவதால் அந்த எண் ஊதிப் பெருகுகிறது. வரும் பதில்களையே எண்ணுகிறேன். அதற்காகவே பதில் எழுத முடியாத முகவரியிலிருந்து எதையும் அனுப்புவதில்லை. மாசியில் மஞ்சளை வேகவைத்துக் காயப்போட்டவர்களின் பிள்ளைகள், கிடங்கில் இடம் இருக்கிறதா என்று அந்த மடலுக்கே பதில் எழுதிக் கேட்கிறார்கள், அன்று மாலைக்குள் விடை அனுப்பிவிடுகிறேன்.